மீட்டருக்கு ஏது ஆர்.சி.?

தாராவியில் சரக்கு ஏற்றப் பழைய டெம்போ தேடுபவரும் சரி, செம்பூரில் முதல் கார் வாங்கும் குடும்பமும் சரி, எடுத்தவுடன் கேட்பது இரண்டே கேள்விகள். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது? வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? முதல் கேள்விக்கு இப்போது போனிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. இரண்டாவதற்கு விற்பவர் வாயைத்தான் பார்க்க வேண்டும்.

பேர் மாற்றுவது முன்பெல்லாம் பெரிய அலைச்சல். 29, 30ஆம் ஃபாரங்களில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சையும் சேர்த்து, வடாலா ஆர்.டி.ஓ.வுக்கு நடக்க வேண்டும். இல்லையென்றால் ஏஜென்ட் கையில் பணத்தைத் திணிக்க வேண்டும். 2018 இறுதியில் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, சாலைச் சோதனையில் டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி.யைக் காட்டினாலே போதும் என்றானது. 2022 செப்டம்பரில், பேர் மாற்ற விண்ணப்பம் உட்பட 58 சேவைகளை ஆதார் சரிபார்ப்புடன் வீட்டிலிருந்தே முடிக்க மத்திய அரசு வழிவிட்டது.

பேர் மாற்றுவதில் அசட்டையாக இருந்தால் மாட்டிக்கொள்வது விற்றவர்தான். 2009இல் விபத்துக்குள்ளான ஒரு வண்டி அதற்குள் பல கை மாறியிருந்தது. பதிவில் மட்டும் முதல் ஆளின் பேரே இருந்தது. பதிவில் இருப்பவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிலோமீட்டர் கதை வேறு. காகிதத்தில் இருந்ததைத்தான் கணினிக்கு மாற்ற முடியும். 29, 30 ஃபாரங்களில் மீட்டர் ஓட்டத்துக்கென்று ஒரு கட்டமே கிடையாது.

அமெரிக்காவில் 1972லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது: விற்பவர் மீட்டர் அளவை எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதை மின்னணு முறையில் தரலாம் என்ற விதி 2019இல் வந்தது. அப்படியும் அங்கே ஆண்டுக்கு 4.5 லட்சம் வண்டிகள் பொய் மீட்டரோடு விலைபோவதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையே கணக்குச் சொல்கிறது. பெல்ஜியம் இன்னும் கெட்டி. வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதெல்லாம் மீட்டர் அளவு பொதுத் தொகுப்பில் ஏறும். அந்த அளவுகளைக் காட்டும் 'கார்-பாஸ்' என்ற சான்று இல்லாமல் பழைய காரை விற்க முடியாது.

இங்கே 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் தங்களிடம் இருக்கும் வண்டியின் ஒவ்வோர் ஓட்டத்தையும் மின்னணுப் பதிவேட்டில் கிலோமீட்டரோடு குறிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் டீலர் கைக்கு வருமுன்னே மீட்டரைக் குறைத்திருந்தால் அந்தப் பதிவேடு என்ன செய்யும்? டிஜிட்டல் மீட்டர் வந்தபின் ஸ்குரூடிரைவருக்கு வேலையில்லை. ஒரு லேப்டாப்பும் சில நிமிடங்களும் போதும்.

அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் மீட்டரை நம்புவதில்லை. பிரேக் பெடல் ரப்பரைத் தடவிப் பார்ப்பார்கள். டயரில் பொறித்த நாலு இலக்கத்தைப் படிப்பார்கள். 3421 என்றால் 2021இன் 34ஆம் வாரம் செய்தது. 2018 மாடல் கார், மீட்டரில் 22,000 கிலோமீட்டர், நாலு டயரும் 2021 என்றால், அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் நாலையும் மாற்றத் தேவை வந்திருக்காதே என்று சந்தேகப்பட்டு, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்வார்கள்.