மாநிலக் கைதிகளின் ஆட்கொணர்வு மனு (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் மாநில நீதிமன்றம் ஒன்றால் தண்டிக்கப்பட்டவர், தமது சிறைவைப்பு அமெரிக்க அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறிக் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடும் வழிமுறையே மாநிலக் கைதிகளின் ஆட்கொணர்வு மனு ஆகும். தமிழ்நாட்டில் இம்மனு, காவல்துறை சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோருவதாகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. அமெரிக்காவிலோ தண்டனையும் மேல்முறையீடும் முடிந்த பின்னரே மாநிலக் கைதிகள் வழக்கமாக இதைத் தொடுக்கின்றனர். குற்றம் புரிந்தாரா என்பதைவிட, விசாரணை அரசியலமைப்பின்படி நடந்ததா என்பதே இங்கு முதன்மைக் கேள்வி.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1867இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்வதிகாரத்தைக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு வழங்கியது. ஆனாலும் நெடுங்காலம் அது குறுகலாகவே பயன்பட்டது. 1923ஆம் ஆண்டின் 'மூர் எதிர் டெம்ப்சி' வழக்கு முக்கியத் திருப்பம். 1919இல் ஆர்கன்சா மாநிலத்தின் எலைன் பகுதியில் நடந்த இனவன்முறையை அடுத்து, கறுப்பினத்தவர் 12 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் அறுவரின் மனுவின்படி, நீதிமன்றத்தைச் சினங்கொண்ட கூட்டம் சூழ்ந்திருந்தது. விசாரணை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. நடுவர் குழு ஐந்து நிமிடத்துக்குள் தீர்ப்புச் சொன்னது. இவை உண்மையானால் அது விசாரணையே அன்று, கூட்டாட்சி நீதிபதி தாமே ஆராய வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. பன்னிருவரில் எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லை.

1953இல் 'பிரவுன் எதிர் ஆலன்' தீர்ப்பு இவ்வழியை மேலும் அகலமாக்கியது. 1970களில் அது மீண்டும் குறுகத் தொடங்கியது.

ஓக்லகோமா நகரக் குண்டுவெடிப்புக்கு மறு ஆண்டு, 1996இல் வந்த சட்டமே இன்று நடைமுறையில் உள்ளது. அதன்படி, தண்டனை இறுதியானதிலிருந்து பொதுவாக ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மாநில நீதிமன்றம் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியது எனக் காட்டினால் மட்டும் போதாது. நியாயமான நீதிபதி எவரும் ஏற்க முடியாத அளவுக்குத் தவறு எனக் காட்ட வேண்டும். கைதிகள் பெரும்பாலும் தோற்பது இந்த வேறுபாட்டில்தான்.

2022இல் 'சின் எதிர் ரமீரெசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு தடையைச் சேர்த்தது. தண்டனைக்குப் பிந்தைய வழக்கறிஞரின் கவனக்குறைவால் மாநில நீதிமன்றத்தில் முன்வைக்கப்படாத சான்றைக் கூட்டாட்சி நீதிமன்றம் பொதுவாக ஏற்கலாகாது என்றது. அவ்வழக்குக்குரிய அரிசோனா கைதிகள் இருவரில் ஒருவருக்கு, புதிய மருத்துவச் சான்றுகளைக் கேட்ட கீழ் நீதிமன்றம் 2018இல் மறுவிசாரணை அல்லது விடுதலை என ஆணையிட்டிருந்தது. அவ்வாணை செல்லாததாயிற்று. அரசுத் தரப்புடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு அவர் 2023இல் வெளியே வந்தார்.