மூன்று டன்னைப் பிடித்திருப்பது எது?

ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி நிற்கும் வீட்டு வாசலில், பெரும்பாலும் அதற்குப் பின்னால் மாட்டி இழுக்க ஒன்று காத்திருக்கும்: கேரவன், படகு, குதிரை ஏற்றும் டிரெய்லர் என ஏதாவது. பள்ளி விடுமுறை விட்டதும் அதை மாட்டிக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் என்று கிளம்பிவிடுவார்கள். வண்டியையும் அதையும் இணைப்பது டோ பார் என்ற இரும்புச் சட்டமும், அதன் முனையில் இருக்கும் 50 மி.மீ. விட்டமுள்ள உருக்கு உருண்டையும்தான். டீலரிடம் விட்டால் மாட்டித் தருவார். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் பெட்டியாக வாங்கிவந்து, சனிக்கிழமை காலையில் வீட்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

பெட்டிக்குள் இருப்பவை சேஸிஸின் இரு பக்கங்களுக்கும் இரண்டு தகடுகள், ஒரு குறுக்குச் சட்டம், உருண்டையைத் தாங்கும் நாக்கு, பை நிறைய போல்ட், ஒரு வயர் கட்டு. மொத்தம் முப்பது கிலோவைத் தாண்டும். மாட்டி முடித்துப் பார்த்தால் கண்ணில் நிறைவது அந்த இரும்பின் கனம்தான். மூன்று டன் கேரவனை அதுதான் பிடித்திருக்கிறது என்று நம்பத் தோன்றும். உண்மையில் பிடித்திருப்பது சேஸிஸும் தகடும் ஒட்டும் இடத்தில் உள்ள உராய்வு. அந்த உராய்வைத் தொழிற்சாலை செய்து அனுப்ப முடியாது. மாட்டுகிறவர்தான் தன் கையால் உண்டாக்கியாக வேண்டும். வீட்டில் செய்யும் இந்த வேலையில் அறிவியல் ஒளிந்திருப்பது இங்கேதான்.

போல்ட் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி குறுக்கே நின்று பாரம் தாங்குவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். டோ பார் போல்ட் அப்படி நிற்கத் தொடங்கினால் சீக்கிரமே தேய்ந்து ஒடியும். அதன் வேலை இரண்டு தகடுகளையும் ஒன்றோடொன்று அழுத்துவது மட்டும்தான். 12 மி.மீ. தடிமனுள்ள, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த எண்ணின் முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது என்பதைக் குறிக்கும். அடுத்த .8, அதில் 80 விழுக்காடு வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பதைக் குறிக்கும். இதை 90 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், அதாவது அரை மீட்டர் கைப்பிடியின் முனையில் 18 கிலோ அழுத்தம் கொடுத்தால், போல்ட் நீண்டு சுமார் 3.8 டன் விசையோடு தகடுகளை நெருக்குகிறது. அப்படி எட்டு போல்ட் இருந்தால் முப்பது டன். உருக்கும் உருக்கும் உரசும் உராய்வுக் கெழுவை 0.15 என்று குறைத்தே வைத்தாலும், தகடு நழுவ நாலரை டன் விசை வேண்டும். மனிதக் கை தரும் 18 கிலோ இப்படிப் பெருகுகிறது.

ஆனால் இந்தப் பெருக்கம் மிக மெல்லிய ஒன்றின்மேல் நிற்கிறது. 40 மி.மீ. நீளமுள்ள போல்ட் 3.8 டன்னுக்கு நீள்வது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. போல்ட்டின் வலிமை முழுவதும் அந்தச் சிறு நீட்சியில் சேமிக்கப்பட்டிருக்கிறது. சேஸிஸின் அடியில் துருவுக்காகப் பூசிய மெழுகோ, தடித்த பெயின்ட்டோ தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், ஓட்டத்தின் சூட்டிலும் அதிர்விலும் அது மெல்ல நசுங்கும். 0.03 மி.மீ. நசுங்கினால் போதும், நெருக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போல்ட் கழன்றிருக்காது, நட்டும் திரும்பியிருக்காது, பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஒட்டும் இடத்தைச் சுரண்டித் துடைத்து, துருத் தடுப்பை மெல்லியதாகப் பூசி மாட்டுவதும், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்ப்பதும் இதற்காகத்தான். சிலர் இந்த மறுபார்வையைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். முழு வேலையிலும் விடக்கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பேன்.

டார்க் ரெஞ்ச் சொல்லும் எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நாம் முறுக்கும் விசையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் போல்ட் தலையடியிலும் மரையிலும் உள்ள உராய்வு தின்றுவிடுகிறது. பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மரை துருப்பிடித்திருந்தால் அந்தப் பங்கும் குறைந்து, ரெஞ்ச் ‘டிக்’ என்று சொன்னாலும் தகடு தளர்வாகவே நிற்கும். உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன எண்ணை கிரீஸ் தடவிய போல்ட்டுக்குப் பிடித்தால், நீட்சி அளவுமீறிப் போல்ட் நிரந்தரமாக இழுபட்டுவிடலாம்.

மரைக்கு வருவோம். ஜப்பானிய வண்டிகள் பலவற்றின் சேஸிஸுக்குள் நட்டை முன்பே வெல்ட் வைத்திருப்பார்கள். பல வருடம் ஓடிய வண்டியில், அதிலும் கடற்கரைப் பக்கம் ஓடியதில், அந்த நட்டுக்குள் மண்ணும் உப்பும் மெழுகும் இறுகிக் கிடக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, மரை வெட்டும் டேப்பைக் கையால் மெல்ல ஓட்டி மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். 12 மி.மீ. போல்ட்டில் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 1.75 மி.மீ. இடைவெளி மரை, ஜப்பானிய வண்டிகளில் அடிக்கடி வருவது 1.25 மி.மீ. மாற்றிப் போட்டால் முதல் ஓரிரு சுற்று போய் இறுகிக்கொள்ளும். துருதான் தடுக்கிறது என்று ஸ்பேனரைப் போட்டு மல்லுக்கட்டினால் உள்ளே இருக்கும் நட்டின் மரை சீவப்பட்டுவிடும். அந்த நட்டை மாற்ற சேஸிஸையே வெட்ட வேண்டிவரும். அதனால் எந்தப் போல்ட்டும் முதல் நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். எல்லாப் போல்ட்டும் விரல் இறுக்கத்தில் நின்றபிறகுதான் ரெஞ்சைத் தொடலாம்.

சட்டத்தை ஏற்ற டிராலி ஜாக்கியும் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். ஸ்டெப்னியை இறக்கிவிட்டால் கை வைக்க இடம் கிடைக்கும். வண்டியைத் தூக்கியிருந்தால் ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் போகக்கூடாது, ஜாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

போல்ட்டும் சட்டமும் எவ்வளவு விசைக்குத் தயாராக இருக்க வேண்டும்? சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது மூன்று டன் டிரெய்லரின் சக்கரங்கள் கொடுக்கும் தடை சுமார் 45 கிலோதான். காற்றைச் சேர்த்தாலும் சில நூறு கிலோவுக்குள் அடங்கும். உண்மையான சோதனை பள்ளத்தில் விழும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வரும் குலுக்கலில். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 55-ஆம் விதி இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வண்டியின் எடையையும் டிரெய்லரின் எடையையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 3 டன் வண்டி, 3 டன் டிரெய்லர் என்றால் 9-ஐ 6-ஆல் வகுக்க 1.5 டன். இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதையும், ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானும் புரோட்டானும் இணைந்து இயங்குவதையும் கணக்கிட இயற்பியலில் பயன்படும் சூத்திரம் இதேதான். ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு பொருள்களில் எதுவும் நிலையாக நிற்பதில்லை. இரண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் விசை 3 டன்னாக இல்லாமல் பாதியாகிறது.

அந்த 1.5 டன்னின் 60 விழுக்காட்டை முன்னும் பின்னுமாக 20 லட்சம் முறை கொடுத்து ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய பாரத்துக்குக் கீழேயே ஏன் ஒடிகின்றன என்று ஆராய்ந்தார். ஒருமுறை தாங்கும் பாரம் வேறு, லட்சம் முறை தாங்கும் பாரம் வேறு என்று நிறுவினார். டோ பார் பெறும் 20 லட்சம் குலுக்கலுக்கு மூலம் அங்கே இருக்கிறது. இத்தகைய சோதனையில் தேறியதற்கு அடையாளமாகத்தான் சட்டத்தில் எடை வரம்பைப் பொறித்திருப்பார்கள். அந்தப் பொறிப்பு இல்லாத சட்டத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

ஓட்டை சேராவிட்டால் சேஸிஸில் புதிதாகத் துளைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. இழுக்கப்படும் அகலமான தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இலேயே கணக்கிட்டுக் காட்டினார். வாகனம் வடிவமைத்தவர்கள் துளை எங்கே வரலாம் என்று பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். கழலாமல் இருக்க ஸ்பிரிங் வாஷர் போதும் என்ற நம்பிக்கையும் பழையது. பக்கவாட்டு அதிர்வில் போல்ட் எப்படித் தானாகக் கழல்கிறது என்பதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் சோதனையில் காட்டினார். தகடு நழுவாத வரை போல்ட் கழலாது. நழுவத் தொடங்கினால் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுக்காது. மறுபடியும் பேச்சு நெருக்கும் விசையில்தான் வந்து நிற்கிறது.

பாரத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுக்கும். கேரவனிலும் ஏற்றிய எடையில் சுமார் 10 விழுக்காடு உருண்டையின்மேல் அழுத்த வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழக்கம். 3 டன்னுக்கு 300 கிலோ. பிராடோ போன்ற வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் 2.8 மீட்டர். உருண்டை பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 300 கிலோ பின் அச்சில் 429 கிலோவாக இறங்குகிறது. கூடுதலான 129 கிலோ முன் சக்கரத்திலிருந்து பறிக்கப்பட்டது. ஸ்டீயரிங் திருப்பும் சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கைச் செய்யும் சக்கரம் அதுதான். சைக்கிள் மாட்டவோ கதவு திறக்கவோ வசதி என்று நாக்கை நீட்டிக்கொள்கிறவர்கள் இந்த 1.2 மீட்டரைக் கூட்டுகிறார்கள் என்பதை உணர்வதில்லை.

அழுத்தம் போதாமல் போனாலோ கேரவன் ஆடும். ஒரு வேகம் வரை அந்த ஆட்டம் தானாக அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி வண்டியையே கவிழ்க்கும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தினர் எடையை இடம் மாற்றி வைக்கக்கூடிய டிரெய்லரை ஓட்டிச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மூக்கில் அழுத்தும் எடை, அச்சு இருக்கும் இடம், எடை பரவியிருக்கும் விதம் ஆகியவையே இந்த ஆட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பதாகக் காட்டியது. அச்சிலிருந்து 1 மீட்டரில் வைத்த 50 கிலோவை 3 மீட்டருக்குத் தள்ளினால், திருப்பத்துக்கு அது காட்டும் நிலைமம் 9 மடங்காகும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் அச்சுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

வயரிங்கில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எர்த் ஒன்றைத் தவிர. ஆஸ்திரேலியாவின் 7 முனை பிளக்கில் அது வெள்ளை வயர். பெயின்ட்டின் மேலேயே எர்த்தைப் போல்ட் செய்துவிட்டால் கரண்ட் திரும்ப வழி தேடி மற்ற பல்புகளின் வழியே போகும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாகச் சேர்ந்து துடிக்கும். விளக்கோடு போனாலும் பரவாயில்லை. மின் பிரேக் உள்ள நாலு சக்கரக் கேரவனில் பிரேக்கை இயக்கும் காந்தங்கள் சேர்ந்து 12 ஆம்பியர் வரை இழுக்கும். எர்த்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே காந்தத்துக்குப் போகும் கரண்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெயின்ட் பிரேக் தூரத்தை நீட்டிவிடும்.

கடைசியாக, மணலில் புதைந்த வண்டியை இழுக்க அந்த உருண்டையில் பட்டையை மாட்டவே கூடாது. 2.5 டன் வண்டி மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஓடிவந்து மீள்பட்டையை இழுத்தால் 25 கிலோஜூல் அளவு ஆற்றல் அந்தப் பட்டைக்குள் ஏறும். உருண்டையின் கழுத்து இழுப்புக்காகச் செய்யப்பட்டது, இந்த அதிர்ச்சிக்காக அல்ல. கழுத்து ஒடிந்தால் உருக்கு உருண்டை குண்டாகப் பாயும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர் போயிருக்கிறது. நாக்கைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த சதுரக் குழியில் மீட்புக்கென எடை பொறித்த கட்டையையும் ஷேக்கிளையும் மாட்ட வேண்டும். இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும், குழந்தைகள் அதற்கும் அப்பால்.