டி.வி-க்குள் ஒரு பேஸ்பால் மைதானம்... கேம் ஜோர், நேரம்தான் சரியில்லை!

இன்று மொபைலில் கிரிக்கெட் கேம் ஆடினால், பந்து பறக்கும் பக்கமெல்லாம் கேமராவும் பறக்கிறது. நேரலை பார்ப்பதுபோலவே இருக்கிறது. இந்த வித்தையை வீடியோ கேமில் முதலில் செய்து காட்டியவற்றுள் ஒன்று, 1983-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பேஸ்பால் கேம். ஆனால், அதை ஆடிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

கதை 1971-ல் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரி மாணவர் டான் டாக்லோ, அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டரில் பேஸ்பால் கேம் ஒன்றை எழுதினார். அதில் படம் கிடையாது. 'பந்து வீசினார்', 'அடித்தார்', 'அவுட்' என்று எழுத்தாக மட்டுமே வரும். வீரர்களின் புள்ளிவிவரங்களை வைத்து கம்ப்யூட்டரே முடிவுகளைக் கணக்கிடும்.

பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம், 1980-ல் 'இன்டெலிவிஷன்' என்ற கேம் பெட்டியை அமெரிக்கா முழுக்க விற்கத் தொடங்கியது. டி.வி-யில் இணைத்து ஆட வேண்டும். அதற்காக வந்த 'மேஜர் லீக் பேஸ்பால்' பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. கன்ட்ரோலரில் போன் போல எண் பட்டன்கள். அவற்றின் மேல் மைதானப் படம் போட்ட அட்டையைச் செருகினால், ஒன்பது ஃபீல்டர்களுக்கும் ஆளுக்கொரு பட்டன்! அம்பயர் 'அவுட்' என்று கத்துவதுகூடக் கேட்கும்.

குறைகளும் இருந்தன. இருவர் சேர்ந்தால்தான் ஆட முடியும். கூட யாரும் இல்லையென்றால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மைதானத்தை எப்போதும் ஒரே கோணத்தில்தான் பார்க்க முடியும்.

இந்தக் குறைகளைத் தீர்க்கக் கிளம்பியவர், அப்போது மேட்டலில் கேம் உருவாக்கும் பிரிவை வழிநடத்திய அதே டாக்லோ. டி.வி-யில் மேட்ச் பார்ப்பதுபோலவே கேம் இருக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். அவருக்குத் துணையாக வந்தவர் எடி டோம்ப்ரோவர். இவர் புரோகிராமர் மட்டுமல்ல, நடனக் கலைஞரும்கூட! நடன அசைவுகளைக் கம்ப்யூட்டர் திரையில் காட்ட மென்பொருள் எழுதியவர். உடல் எப்படி வளையும், கால் எப்படி ஓடும் என்று தெரிந்தவர் கைபட்டதும் திரையில் இருந்த வீரர்களுக்கு உயிர் வந்தது.

'வேர்ல்டு சீரிஸ் மேஜர் லீக் பேஸ்பால்' தயாரானது. பந்து வீசும்போது ஒரு கோணம், அடித்ததும் இன்னொரு கோணம். பேஸில் நிற்கும் ஓட்டக்காரரைத் திரையின் மூலையில் சிறு கட்டமாகக் காட்டும் வசதி. தனியாகவும் ஆடலாம், கம்ப்யூட்டரே எதிரணி. டாக்லோ கல்லூரியில் போட்ட புள்ளிவிவரக் கணக்கு, இப்போது படத்தோடு ஓடியது.

ஆனால், இதை ஆட கேம் பெட்டி மட்டும் போதாது. கீபோர்டுடன் கூடிய துணைக் கருவியும் வாங்க வேண்டும். அதை வாங்கியவர்களோ சொற்பம். போதாக்குறைக்கு அதே 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தது. கடைகளில் தரமற்ற கேம்கள் குவிந்து, விலை அடிமட்டத்துக்குப் போனது. 1984-ன் தொடக்கத்தில் மேட்டல் தன் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவையே மூடிவிட்டது. நல்ல கேம், கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல்போனது.

இருவரும் ஓய்ந்துவிடவில்லை. புகழ்பெற்ற பயிற்சியாளர் ஏர்ல் வீவருடன் கைகோத்து, 1987-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்காக 'ஏர்ல் வீவர் பேஸ்பால்' கேமைத் தந்தார்கள். 1983-ல் கவனிக்கப்படாத யோசனைகள், இந்த முறை பாராட்டை அள்ளின.

அடுத்த முறை மொபைலில் சிக்ஸர் அடித்து, பந்தின் பின்னாலேயே கேமரா ஓடும்போது, அந்தக் கல்லூரி மாணவரையும் நடனக் கலைஞரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்!