அலை கேட்கும் வேகம்

கட்டைவிரலை மேலே காட்டினால் வேகத்தைக் கூட்ட வேண்டும். கீழே காட்டினால் குறைக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் நிற்பவரின் குரல், எஞ்சின் இரைச்சலைத் தாண்டி ஸ்டியரிங்கில் இருப்பவருக்கு எட்டாது. அதனால், மோட்டார் படகு இழுக்கப் பலகையில் நின்று, படகு எழுப்பும் அலையில் தாவும் வேக்போர்டிங்கில் கைச்சைகைதான் பேச்சு. புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் பயத்தில் விரலைக் கீழேயே காட்டுவார்கள். கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டால் மேலேயே காட்டுவார்கள். வேகம் கூடினால் அலை பெரிதாகும், அலை பெரிதானால் உயரமாகத் தாவலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தவறு. எங்கே தவறுகிறது என்று தேடிப்போனால், 19-ஆம் நூற்றாண்டின் கப்பல் அறிவியலுக்குள் போய்விடுவோம்.

மோட்டார் படகுக்குப் பின்னால் நடக்கும் விளையாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் ஸ்லாலம் நீர்ச்சறுக்கில் ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. பலகையே இல்லாமல் வெறுங்காலில் சறுக்குகிறவர்களுக்கு 60-க்கும் மேல் தேவைப்படும். கயிற்றை விட்டுவிட்டு அலையின் தள்ளலிலேயே மிதந்துவரும் வேக்சர்ஃபிங்கிற்கோ 16 முதல் 19 கிலோமீட்டர் போதும். வேக்போர்டிங் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. தேர்ந்தவர்கள் 35 முதல் 39 கிலோமீட்டரில் ஓட்டச் சொல்வார்கள், பழகுகிறவர்கள் 27 முதல் 31-இல். சறுக்குபவரின் துணிச்சலை வைத்து வந்த எண்கள் அல்ல இவை. படகு நீரை என்ன செய்கிறது என்பதிலிருந்து வந்தவை.

1922-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், லேக் சிட்டி என்ற ஊரை ஒட்டிய பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவெல்சன் என்ற 18 வயது இளைஞர் இரண்டு மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு படகின் பின்னால் நின்று காட்டினார். நீர்ச்சறுக்கின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். அதன்பின் வந்த நீர்ச்சறுக்குப் படகுகள் பின்னால் முடிந்தவரை அலை எழாதபடி வடிவமைக்கப்பட்டன. சறுக்குபவருக்கு அலை ஒரு இடைஞ்சல். 1985-இல் சான் டியேகோவில் டோனி ஃபின் ‘ஸ்கர்ஃபர்’ என்ற பலகையைக் கொண்டுவந்தபோது தேவை தலைகீழானது. அலைச்சறுக்குப் பலகையையும் நீர்ச்சறுக்கையும் சேர்த்த அந்த விளையாட்டுக்கு அலை வேண்டும், அதுவும் நல்ல அலை. 1990-இல் ஹெர்ப் ஓபிரையன் மெல்லிய, நீருக்குள் எளிதில் அமிழும் ‘ஹைப்பர்லைட்’ பலகையைச் செய்தார். அதற்குப் பிறகு, பெரிய அலைக்காகப் படகுக்குள் தண்ணீர்ப் பைகளை நிரப்பி வேண்டுமென்றே எடை ஏற்றும் வழக்கம் வந்தது. இன்றைய வேக்போர்டு படகு ஒன்றில் இப்படி ஆயிரம் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஏற்ற முடியும். எரிபொருளைச் செலவழித்து நீரைக் கலக்குவதற்கென்றே கட்டப்பட்ட இயந்திரம் அது.

படகுக்கும் அலைக்கும் உள்ள உறவை முதலில் ஒழுங்காக அளந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். டார்க்கி என்ற கடலோர ஊரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, 1870-களில் அவர் கண்டது இது: ஒரு கப்பல் எழுப்பும் அலையை அதன் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வேகமும் கப்பலின் நீளமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. படகோடு கூடவே நகரும் அலையின் நீளம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரட்டித்தால் அலை நான்கு மடங்கு நீளும். மணிக்கு 18 கிலோமீட்டரில் அந்த அலை ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை 16 மீட்டர், 36 கிலோமீட்டரில் 64 மீட்டர்.

நீரைத் தொடும் பகுதி ஆறரை மீட்டர் நீளமுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். வேக்போர்டு படகுகள் ஏறக்குறைய அந்த அளவுதான். மணிக்கு பதினொன்றரை கிலோமீட்டரில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிவிடும். முன்பக்கம் ஒரு முகடு, பின்பக்கம் ஒரு முகடு, நடுவே பள்ளம். இதைத் தாண்டினால் பின்பக்கம் பள்ளத்தில் இறங்கி மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். தான் எழுப்பிய அலையின் மேட்டில் தானே ஏற முடியாமல் படகு திணறுவதை அப்போது பார்க்கலாம். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் ஆற்றலின் பெரும்பகுதி அலையாகவே போகிறது. மிகப்பெரிய அலை பிறக்கும் இடம் இந்த மெதுவான வேகம்தான். வேக்சர்ஃபிங் இதையொட்டி நடப்பது இதனால்தான். இன்னும் வேகம் கூட்டினால் படகு நீரைத் துளைத்துப் போவதை விட்டு அதன் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். அடிப்பாகம் உயரும், இடம்பெயரும் நீர் குறையும், அலையின் உயரமும் குறையும்.

அப்படியானால் வேக்போர்டு ஆடுகிறவர்கள் ஏன் 37 கிலோமீட்டரைக் கேட்கிறார்கள்? மெதுவாகவே ஓட்டிப் பெரிய அலையை வாங்கிக்கொள்ளலாமே?

உயரம் மட்டும் போதாது என்பதுதான் பதில். படகின் சதுரமான பின்முனைக்கு அப்பால் நீரில் ஒரு குழி விழுகிறது. இருபுறத்து நீரும் அதை நிரப்ப ஓடிவந்து மோதித்தான் அலை எழுகிறது. வேகம் குறைவென்றால் குழி படகை ஒட்டியே மூடிக்கொள்ளும். முகடு செங்குத்தாகி, தன் எடை தாங்காமல் நுரைத்துச் சரியும். வெள்ளை நுரையில் பாதி காற்று, பலகை அதில் ஊன்றாது. தாவ எத்தனிக்கும் கால்களுக்குக் கீழே ஏறுதளம் கரைந்துபோகும். 35-ஐத் தாண்டும்போது குழி பின்னோக்கி நீள்கிறது. அலை நிதானமாக விரிந்து, அடியிலிருந்து முகடு வரை நுரையில்லாத, உறுதியான சரிவாக நிற்கிறது. உயரத்தில் கொஞ்சம் போனாலும் பிடிமானம் கிடைக்கிறது. 42, 43 என்று போனால் அலை தட்டையாகவும் நெருக்கமாகவும் ஆகிவிடும். நல்ல அலை இருப்பது மூன்று நான்கு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன இடைவெளியில்தான். தண்ணீர்ப் பைகளை நிரப்பி எடை கூட்டினால் அந்த இடைவெளி கொஞ்சம் மேலே நகரும். கனமான படகின் அலை உறுதிப்படக் கூடுதல் வேகம் வேண்டும்.

வேகம் கூடினால் அலைகள் நெருங்குவது ஏன் என்பது அண்மைக்காலம் வரை நல்ல புதிராகவே இருந்தது. ஆழமான நீரில் எந்தப் படகின் அலையும் ஒரே கோணத்தில்தான் விரியும் என்று 1887-இல் கெல்வின் பிரபு கணக்கிட்டுச் சொன்னார். இரு பக்கமும் சேர்த்து 39 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வாத்து நீந்தினாலும் போர்க்கப்பல் போனாலும் அதே கோணம். பாடப்புத்தகங்களும் அதையே சொல்லிவந்தன. 2013-இல் பிரான்ஸின் மார்க் ரபோ, ஃபிரெடெரிக் மோயிசி என்ற இரு இயற்பியலாளர்கள் கூகுள் எர்த்தில் கிடைத்த படகுப் படங்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். வேகமான படகுகளின் அலைகள் கெல்வின் கோணத்தைவிடக் குறுகலாக இருந்தன. ஒரு படகால் தன் நீளத்தைவிட அதிக நீளமான அலைகளைத் திறம்பட எழுப்ப முடியாது என்பது அவர்கள் தந்த விளக்கம். வேகம் கூடும்போது கெல்வின் கோணத்தில் தெரிய வேண்டிய நீண்ட அலைகள் பிறப்பதே இல்லை. பிறக்கும் குட்டை அலைகள் உள்பக்கமாக, குறுகலான ஆப்பு வடிவில் அமைகின்றன. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படங்களிலிருந்து 126 ஆண்டுப் பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம் வந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இந்தக் குறுகலைக் கயிற்றின் நீளத்தால் ஈடுகட்டுகிறார்கள். படகிலிருந்து தள்ளிப்போகப்போக இரண்டு அலைகளுக்கும் இடையே உள்ள தூரம் அகலும். ஆகவே வேகத்தையும் கயிற்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. பழகுகிறவருக்கு 17, 18 மீட்டர் கயிறு, தேர்ந்தவருக்கு 23 மீட்டர் அல்லது அதற்கு மேல். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சறுக்குபவர் படகு போகும் திசைக்கு 30 டிகிரி சாய்வாக அலையை நோக்கி வெட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு 37-இல் ஓடினால் பக்கவாட்டில் அவருடைய வேகம் நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர். ஒரு நொடி காற்றில் இருந்தால் 6 மீட்டர் கடந்து எதிர் அலையின் சரிவில் பதமாக இறங்குவார். அதற்கு அவர் எழும்ப வேண்டிய உயரம் ஒன்றே கால் மீட்டர்தான். படகு 28-இல் ஓடினால் அதே நொடியில் நாலரை மீட்டர்தான் போவார். கயிறு நீளமாக இருந்தால் இரண்டு அலைகளுக்கும் நடுவே, தட்டையான நீரில் விழுவார். முழங்கால் உடைவதற்கு ஏற்ற இடம் அதுதான். மெதுவாக ஓட்டச் சொல்கிறவர் கயிற்றையும் குறைத்துக் கட்டச் சொல்ல வேண்டும். இதை யாரும் முதல் நாளில் சொல்லித்தருவதில்லை.

பலகையை நீருக்கு மேல் தாங்கும் விசையும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அதே பலகையில் 75 கிலோ மனிதரைத் தாங்க 30 கிலோமீட்டர் தேவை என்றால், 30 கிலோ சிறுவனுக்கு 19 போதும். சிறுவர் பலகைகள் சிறியவை என்பதால் நடைமுறையில் 21 முதல் 26 வரை ஓட்டுகிறார்கள். ‘பெரியவருக்கு ஓட்டியது போலவே’ என்று சிறுவனை இழுப்பது தேவையில்லாத கொடுமை. விழும்போது உடல் சுமந்துவரும் ஆற்றலும் இருமடியாகவே கூடுகிறது. 30-லிருந்து 37-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, விழும் அடியோ ஒன்றரை மடங்காகிறது. அதே சமயம் அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டுவதும் கருணை ஆகாது. பலகை நீருக்குள் அமிழ்ந்து, விளிம்பு மாட்டி, ஆள் முகம் குப்புற விழுவது குறைந்த வேகத்திலும் நிறைய நடக்கிறது.

நீரிலிருந்து எழும் அந்த முதல் சில நொடிகளில்தான் படகோட்டியின் கை தெரியும். முழங்காலை மார்போடு ஒட்டிக்கொண்டு மிதப்பவரின் பலகை அப்போது நீருக்குக் குறுக்கே சுவர்போல நிற்கிறது. சட்டென ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அந்தச் சுவரின் மீது நீரின் முழுத் தடையும் மோதி, கைப்பிடி விரல்களிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். மெல்ல இழுத்தால் பலகை தானாகத் திரும்பி மேலே வரும். அதன்பிறகு வேகத்தை மாறாமல் வைத்திருப்பது அடுத்த வேலை. சறுக்குபவர் வெட்டி இழுக்கும்போது படகு தளர்கிறது, விட்டதும் முந்துகிறது. முன்பு படகோட்டிகள் கையாலேயே இதைச் சமாளித்தார்கள். இப்போது ஜிபிஎஸ்ஸோடு இணைந்த கருவி எஞ்சினை நொடிக்குப் பலமுறை திருத்துகிறது. அருமையான உதவிதான், ஆனால் ஆற்றில் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஜிபிஎஸ் தரையைப் பொறுத்த வேகத்தைக் காட்டுகிறது, அலைக்கோ நீரைப் பொறுத்த வேகம்தான் தெரியும். மணிக்கு 3 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில், கருவியை 37-இல் வைத்து எதிரோட்டத்தில் போனால் நீரில் 40, ஓட்டத்தோடு போனால் 34. திரையில் ஒரே எண், பின்னால் இரண்டு வெவ்வேறு அலைகள். நீரோட்டம் உள்ள இடத்தில் திரையை விட்டுவிட்டு அலையின் முகட்டைப் பார்த்து ஓட்டுகிறவரே நல்ல படகோட்டி.

மெதுவான வேகத்தில்தான் பெரிய அலை என்பதன் விளைவு கரையில் தெரிகிறது. வேக்சர்ஃபிங் படகுகள் அமெரிக்க ஏரிகளில் பெருகியபின், கரை அரிக்கிறது, ஏரியடிச் சேறு கலங்குகிறது என்று கரையோரம் வசிப்பவர்கள் முறையிட்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆன்டனி ஃபால்ஸ் ஆய்வகம் நான்கு படகுகளை ஒரு ஏரியில் ஓட்டி அலைகளை அளந்து 2022-இல் முடிவை வெளியிட்டது. சாதாரணப் படகின் அலை 200 அடியில் எந்த அளவில் இருக்குமோ, அந்த அளவுக்கு வேக்சர்ஃபிங் அலை தணிய 500 அடிக்கு மேல், அதாவது 150 மீட்டருக்கு மேல், தேவைப்படுகிறது. 2024-இல் வெர்மான்ட் மாநிலம் இத்தகைய படகு விளையாட்டுகளுக்கு விதி கொண்டுவந்தது: கரையிலிருந்து 500 அடி விலகியிருக்க வேண்டும், ஆழம் 20 அடியாவது இருக்க வேண்டும், அப்படிப்பட்ட பரப்பு குறைந்தது 50 ஏக்கர் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சிறிய ஏரிகள் பலவற்றில் இந்த விளையாட்டுக்கு இடமில்லாமல் போனதில் ஆடுகிறவர்களுக்கு வருத்தம். எனக்கு அந்த விதி நியாயமாகவே படுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அவர்களுக்கும் நல்ல அலை கிடைப்பதில்லை. அலையின் நீளத்தில் பாதிக்கும் குறைவான ஆழம் என்றால் அலை தரையை உணர்ந்து உருமாறிவிடும். ஆறு மீட்டர் நீளமுள்ள அலைக்கு மூன்று மீட்டர் ஆழமாவது வேண்டும்.