நெருப்பும் ஒரு பாடம்தான்!

குடந்தை என்றால் கோயிலையும் கொழுந்து வெற்றிலையையும் சொன்ன காலம் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூலை 16க்குப் பிறகு, 94 குழந்தைகள் அல்லவா நம் நெஞ்சில் வந்து நிற்கிறார்கள்! சத்துணவு சமைத்த இடத்திலே எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. படித்துக்கொண்டிருந்த பிஞ்சுகளின் தலைமீதே அக்கூரை எரிந்து வீழ்ந்தது. யார் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்? மாளிகைவாசிகளின் மக்களா? இல்லை, தோழர்களே! அன்றாடம் உழைத்து உண்போர் வீட்டுச் செல்வங்கள்!

அதன் பின்னர், பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாதென்றது அரசு. 2009 ஏப்ரல் 13இல் உச்சநீதிமன்றம், கல்வி உரிமை என்பதிலே பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டும் என்றும் ஆணையிட்டது. வரவேற்கிறோம். ஆனால், தீர்ப்பு ஏட்டிலே இருக்கிறது. தீயோ அடுப்பிலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளை நிற்கிறான்!

“பச்சைக் குழந்தைக்குப் பயங்காட்டுவதா?” என்று கேட்பாருண்டு. பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, உயிர் காக்கும் பாடம் மட்டும் ஏறாதா? தீயைக் கண்ட சிறு குழந்தை, பழக்கம் இல்லாவிட்டால், வெளியே ஓடுவதில்லை, கட்டிலுக்கடியிலே ஒளிகிறது. தேடி வருவோர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. பயத்தை வெல்வது பழக்கமே.

பாடம் பெரிதல்ல. ஒளியாதே, வெளியேறு. புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்காதே, தவழ்ந்து போ. தரையருகேதான் மூச்சுக்குக் காற்று மிஞ்சும். ஆடையில் தீப்பற்றினால் ஓடாதே. ஓட்டம் தீயை விசிறும். நின்று, முகத்தைக் கையால் மூடி, தரையில் படுத்துப் புரளு. வெளியே வந்தபின் புத்தகப் பைக்காகத் திரும்பாதே. 101ஐ அழைக்கச் சொல்.

வளர்ந்த பிள்ளைகட்கு இன்னும் கொஞ்சம். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே. அடுப்பை அணைத்து, தட்டால் மூடு. எரிவாயு கசிந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சன்னலைத் திற, வெளியே வந்துவிடு. சுட்ட புண்ணில் மையும் பற்பசையும் பூசாதே. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு, மருத்துவரிடம் காட்டு.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்துவிட்டால் பெரியவர் கடமை தீர்ந்ததா? தீரவில்லை! ஓடக் கற்ற பிள்ளை ஓடிவந்து பூட்டிய கதவிலே முட்டிக்கொண்டால், அந்தப் பாடத்தால் என்ன பயன்? பிள்ளைக்குப் பாடம், பெரியவருக்குப் பொறுப்பு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிக்க எவரையும் நாம் அனுமதிக்கக் கூடாது.

ஆகவே, தோழர்களே, வட்டத்துக்கு இருவர் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். சண்டைக்கல்ல, தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேட்பதற்கு. வெளியேற வழி எத்தனை? பள்ளி நேரத்திலே அவை திறந்திருக்கின்றனவா? படிக்கட்டிலே உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றனவா? சமையற்கூடம் வகுப்பறையை விட்டுத் தள்ளி இருக்கிறதா? பிள்ளைகள் வெளியேறிப் பழகியது எப்போது? விடை சரியில்லை என்றால், விண்ணப்பம் எழுதுங்கள், விடாமல் தொடருங்கள்.

1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்திலே வெடித்த கப்பலின் தீயோடு போராடி மாண்ட தீயணைப்பு வீரர்களை நாடு ஆண்டுதோறும் அந்நாளில் நினைக்கிறது. நினைத்தால் மட்டும் போதாது. அவ்வீரர்களின் வழிவந்தோரை நம் பள்ளிக்கு அழைப்போம். அவர்கள் சொல்லித் தருவதை வீட்டிலே, மாதம் ஒருமுறை, பிள்ளைகளோடு நாமும் செய்து பார்ப்போம். சட்டத்தைக் கேட்டு வாங்குவோம். பழக்கத்தை நாமே ஊட்டுவோம்!