மூன்றரைச் சென்ரிமீற்றரின் அர்த்தம்

2011இல் பலர் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தில் எழுந்ததுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை.

இப்படியொரு வைத்தியசாலையில், நுரையீரல் புற்றுநோய் என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி: "அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு காலம், டொக்டர்?" நோயின் நிலை, கலத்தின் வகை, அவர் தானாக எழுந்து நடமாடுகிறாரா என்பதை வைத்தே பதில் அமையும். சுருட்டைத் தொடாதவர்களுக்கும் இந்நோய் வரும். அவர்களில் பலரிடம் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருக்கும். அதற்குக் குறிவைத்த மாத்திரைகள் உண்டு. ஆகவே அந்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை பலிக்கிறதா? சி.டி. படத்தில் அளப்பார்கள். ஐந்து சென்ரிமீற்றர்க் கட்டி மூன்றரையானால், அதாவது 30 சதவீதம் சுருங்கினால், பகுதிப் பலன். மிகச் சிறிதாயிருந்த அளவிலிருந்து 20 சதவீதம் வளர்ந்தால், நோய் முன்னேறிவிட்டது. இடையில் நின்றால் 'மாற்றமில்லை' என்று எழுதுவார்கள். அதைப் படித்துக் கலங்க வேண்டாம்: வளராமல் நிற்பதும் பலன்தான்.

'எவ்வளவு காலம்' என்ற கேள்விக்கு வரும் கணக்கையும் சரியாகப் படிக்க வேண்டும்: 'நடுநிலை ஆயுள் எட்டு மாதம்' என்றால் பாதிப்பேர் அதையும் தாண்டி வாழ்கிறார்கள். அமெரிக்க அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வந்தபோது கண்ட கணக்கும் இதே எட்டு மாதம். அவர் இறந்தது 2002இல்.