செவித்திறன் குறையுடைய இளஞ்சிறார் வகுப்பில் கல்வியாண்டின் தொடக்கம்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

செவித்திறன் குறையுடைய குழந்தையின் மொழி வளர்ச்சிக்கு ஆறு வயதுக்கு முற்பட்ட காலமே அடித்தளமாகும். அக்காலத்தில் முன்பருவ வகுப்பின் முதல் வாரங்களில் செய்ய வேண்டிய பணிகள் யாவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்தறிமுகத்தைவிடக் கருவியைச் சீர்செய்தல், வகுப்பறையின் ஒலி ஒளிச் சூழலை அமைத்தல், கருத்துப்பரிமாற்ற உறவை ஏற்படுத்தல், பெற்றோரைப் பங்கேற்கச் செய்தல் ஆகியன முற்பட வேண்டும் என்பதும், தமிழின் ஒலியமைப்பும் இரட்டை வழக்கும் இவ்வகுப்பிற்குத் தனிச் சிக்கல்களைத் தருகின்றன என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செவித்திறன் குறை, முன்பருவக் கல்வி, கேட்டல் வயது, இரட்டை வழக்கு, உதட்டசைவு, பெற்றோர் பங்கேற்பு.

முன்னுரை

தமிழ்நாட்டில் கல்வியாண்டு சூன் மாதத்தில் தொடங்குகிறது. கேட்கும் திறனுடைய மூன்று வயதுக் குழந்தை அங்கன்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ வரும்போது வீட்டில் கேட்டுப் பழகிய ஒரு மொழியுடன் வருகிறது. வாக்கியம் அமைக்கவும், மறுக்கவும், கேள்வி கேட்கவும் அதற்குத் தெரியும். செவித்திறன் குறையுடைய குழந்தை பெரும்பாலும் அவ்வாறு வருவதில்லை. அதன் பெற்றோர் பெரும்பான்மையும் கேட்கும் திறனுடையவர்கள்; வீட்டில் வழங்கும் பேச்சு அதன் காதை எட்டவில்லை; சைகை மொழி அறிந்தவர் வீட்டில் இல்லை. ஆகவே அக்குழந்தைக்கு வகுப்பின் முதல் நாள் ஒரு மொழியைச் சந்திக்கும் முதல் நாளாகவும் அமைந்துவிடுகிறது.

பெரம்பலூர் மாவட்டம் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர், 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் தனி மாவட்டமாக நிலைபெற்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவற்றின் வேளாண்மையும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இப்பகுதியின் வாழ்வாதாரங்கள். பெருநகரம் இல்லாத இம்மாவட்டங்களில் குழந்தைகள் சிதறிய ஊர்களில் வாழ்கின்றனர். ஒரு முன்பருவ வகுப்பு எவ்வாறு தொடங்கப்படுகிறது என்பதை இச்சூழலே பெரிதும் தீர்மானிக்கிறது.

சட்டமும் இடைவெளியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரு காதுகளிலும் பேச்சு அலைவெண்களில் 70 டெசிபெல் இழப்புடையோரைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்புடையோரைக் கேட்டல் குறைந்தோர் என்றும் வரையறுக்கிறது. இச்சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்குகிறது.

மொழிவளர்ச்சி ஆய்வுகளோ வேறொரு காலக்கணக்கை முன்வைக்கின்றன. பிறந்து ஒரு மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் பயிற்சி தொடங்கல் என்பது உலக அளவில் ஏற்கப்பட்டுள்ள நெறி. கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோவும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்திற்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன் பிந்திக் கண்டறியப்பட்டவர்களினும் மேம்பட்டிருந்ததைக் காட்டியது. சட்ட உரிமை ஆறு வயதில் தொடங்க, மொழிக்குரிய காலமோ அதற்குள் பெரும்பகுதி கடந்துவிடுகிறது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைகள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இளஞ்சிறார்க்குச் செய்யப்படும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை, தொண்டு நிறுவனங்கள் வழியாக அரசு நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் ஆகியன இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. எனினும் கருவியோ அறுவையோ ஒலியை மட்டுமே தரும். அவ்வொலியை மொழியாக்குவது வகுப்பும் வீடும் ஆகும்.

கேட்டல் வயது

முதல் வாரத்தில் ஆசிரியர் அறிய வேண்டிய முதற்செய்தி குழந்தையின் கேட்டல் வயது. பிறந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவது உடல் வயது. பொருத்தமான கருவியை இடைவிடாது அணியத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவது கேட்டல் வயது. நான்கு வயதில் கருவி பெற்ற குழந்தை, ஐந்தாம் வயதில் வகுப்பில் அமரும்போது கேட்டலில் ஓராண்டுக் குழந்தையே. அதனிடம் ஐந்து வயதுக்குரிய பேச்சை எதிர்பார்ப்பதும், வராதபோது அறிவுத்திறனில் குறை காண்பதும் பிழையாகும். சேர்க்கைப் பதிவேட்டில் இரு வயதுகளையும் அருகருகே எழுதும் வழக்கம், ஆண்டு முழுவதும் குழந்தையை நேர்மையாக மதிப்பிட உதவும்.

கருவியும் வகுப்பறையும்

மே மாத விடுமுறைக்குப் பின் வரும் குழந்தையின் கருவி பழுதின்றி இருக்கும் எனக் கொள்ள இயலாது. வளரும் குழந்தையின் காதுமடல் சில மாதங்களுக்குள் பெரிதாவதால், மோல்டு எனப்படும் காது அச்சு தளர்ந்து, கருவி கீச்சொலி எழுப்பும். பெற்றோர் அவ்வொலிக்கு அஞ்சி ஒலியளவைக் குறைத்தால், குழந்தை கருவி அணிந்தும் கேளாத நிலைக்கு ஆளாகும். கோடை வியர்வை ஒலிக்குழாயில் ஈரமாகத் தங்கும். ஆகவே புதிய அச்சு எடுத்தல், குழாயைத் தூய்மை செய்தல், இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகளுடன் கருவியை மூடிவைத்தல், மாற்று மின்கலம் வைத்திருத்தல் ஆகியவற்றைப் பெற்றோருக்குக் கற்பித்தல் முதல் வாரப் பணியாகும்.

கனடாவைச் சேர்ந்த டேனியல் லிங் வகுத்த ஆறொலிச் சோதனை நாள்தோறும் காலையில் செய்யத்தக்கது. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஆறும் தாழ்ந்த அலைவெண் முதல் உயர்ந்த அலைவெண் வரை பேச்சொலிகளின் பரப்பைத் தழுவுகின்றன. ஆசிரியர் வாயை மறைத்து ஒலிக்க, குழந்தை ஒலி கேட்டதும் ஒரு மணியைக் கிண்ணத்தில் இடுகிறது. நேற்று ஸ் ஒலிக்கு மணி இட்ட குழந்தை இன்று இடாவிடில், கவனக்குறைவைக் குற்றஞ்சாட்டுமுன் கருவியைச் சோதிக்க வேண்டும்.

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது ஒலி 6 டெசிபெல் குறைகிறது. எனவே நான்கு மீட்டர் தொலைவில் அமர்ந்த குழந்தைக்கு, ஒரு மீட்டரில் அமர்ந்த குழந்தையைவிட 12 டெசிபெல் குறைவாகவே குரல் சென்றடையும். ஆசிரியரின் குரல் பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபெல்லேனும் மிக்கிருத்தல் வேண்டும் என்பது பரிந்துரை. சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் மின்விசிறியும் உள்ள அறையில் இது எளிதன்று. கோரைப்பாய் விரித்தல், சுவரில் துணி தொங்கவிடல், சாலைப்பக்கச் சன்னலை மூடல் ஆகியன செலவு குறைந்த வழிகள். குழந்தைகள் அரைவட்டமாக அமர, ஒளி ஆசிரியரின் முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஆசிரியரின் உதடு நிழலில் மறைந்துவிடும்.

தமிழின் ஒலிகளும் உதட்டசைவும்

தொல்காப்பியப் பிறப்பியல் மெய்யொலிகளை அவை பிறக்கும் இடத்தால் வகைப்படுத்துகிறது. ககர ஙகரம் முதல்நாவிலும், சகர ஞகரம் இடைநாவிலும், டகர ணகரம் நுனிநாவிலும், பகர மகரம் இதழிலும் பிறக்கின்றன. உதட்டசைவை நோக்கும் குழந்தைக்கு இவ்வகைப்பாடு புதிய பொருள் பெறுகிறது. இதழில் பிறப்பன கண்ணுக்குத் தெரிகின்றன. நாவின் அடியில் பிறப்பன தெரிவதில்லை. தெரிவனவற்றுள்ளும் பகரமும் மகரமும் ஒரே தோற்றமுடையன. படி, மடி என்பனவும் பாடு, மாடு என்பனவும் பார்வைக்கு ஒன்றே. மகரத்தின் மூக்கொலி அதிர்வைத் தொட்டுணர்ந்தோ, எஞ்சிய கேட்டலால் உணர்ந்தோதான் குழந்தை வேறுபடுத்த முடியும். ஆகவே உதட்டசைவு மட்டும் மொழியைத் தந்துவிடாது.

தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமையும் காலமும் பாலும் சொல்லின் இறுதியில் நிற்கும் விகுதிகளால் உணர்த்தப்படுகின்றன. பேச்சில் அவ்விறுதி அசைகளே மெலிந்து ஒலிக்கின்றன. வீட்டுல, வீட்டுக்கு என்பவற்றின் பொருள்வேறுபாடு முழுவதும் இறுதியில் உள்ளது. வந்தான் என்பது பேச்சில் மூக்கின உயிராகவும், வந்தாள் என்பது ளகரம் இழந்தும் ஒலிப்பதால், ஆண் பெண் வேறுபாடு ஒரு மெல்லிய மூக்கொலியில் தங்கிநிற்கிறது. பெயரும் வினையடியும் அறிந்த குழந்தை விகுதிகளை விட்டுவிட்டு எழுதுவதற்கு இக்கேட்டல் நிலையும் ஒரு காரணமாகும். தொடக்க வாரங்களிலேயே தனிச்சொற்களைப் படம் காட்டி ஒப்பிக்கச் செய்வதைத் தவிர்த்து, பந்து பெட்டியில் இருக்கும்போதும் பெட்டிக்கு அடியில் இருக்கும்போதும் முழுத்தொடராகப் பேசுதல் இதனால் இன்றியமையாததாகிறது.

எத்தமிழைப் பேசுவது என்பதும் வினாவாகும். பாடநூலின் வருகிறான் என்பதும் வீட்டின் வர்றான் என்பதும் கேட்கும் குழந்தைக்கு இயல்பாக இணைகின்றன. கேட்டல் வயது ஓராண்டே ஆன குழந்தைக்கு அவை இரு வேறு சொற்கள். வகுப்பில் எழுத்துத்தமிழும் வீட்டில் பேச்சுத்தமிழும் கேட்கும் குழந்தை இரண்டையும் பாதியளவே பெறும். முன்பருவ வகுப்பின் பேச்சு வீட்டின் பேச்சாகவே இருத்தல் தகும். அம்மாச்சி, அப்பாயி என வீடு வழங்கும் உறவுப்பெயரையே ஆசிரியரும் வழங்க வேண்டும். எழுத்துத்தமிழ் வாசிப்பின் வழியாகப் பின்னர் வரட்டும்.

சைகையும் பேச்சும்

1880ஆம் ஆண்டு மிலான் மாநாடு பேச்சுமுறையை மட்டுமே வற்புறுத்தியது முதல் இவ்விரு முறைகளுக்கும் இடையே நெடிய விவாதம் நிகழ்ந்துவருகிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, சைகை மொழி கற்பதற்கு வாய்ப்பளிக்க வலியுறுத்துகிறது. இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இல் நிறுவப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அம்மொழியின் தரப்படுத்தலைக் குறிப்பிடுகிறது.

முதல் வாரங்களில் இவ்விவாதத்திற்கு மேலான ஒரு தேவை உண்டு. தாய் வெளியே சென்று திரும்பி வருவாள் என்பதை அழும் குழந்தைக்கு அன்றே உணர்த்தியாக வேண்டும். காட்சி நாள்நிரல், வீட்டாரின் ஒளிப்படங்கள், சைகை, முகக்குறிப்பு, பேச்சு எனக் கிடைக்கும் எல்லா வழிகளும் இங்குப் பயன்படும். கருவியால் போதிய பயன் பெறாத குழந்தைக்குப் பேச்சு வரும்வரை மொழியை ஒத்திவைத்தால், அது எந்த மொழியும் இன்றி வளரும். அவ்விழப்பு பின்னர் முற்றிலும் ஈடுசெய்யப்படுவதில்லை.

பெற்றோரின் பங்கு

சென்னையில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, தாயும் குழந்தையுடன் வகுப்பில் அமர்ந்து கற்கும் முறையைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியது. வகுப்பில் குழந்தை செலவிடும் நேரம் சில மணிகளே. விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதி வீட்டுக்குரியது என்பதே இதன் அடிப்படை. ஆனால் நாட்கூலிக்குச் செல்லும் தாய் வகுப்பில் அமர்ந்தால் அன்றைய கூலியை இழக்கிறார். வேப்பந்தட்டையிலிருந்தோ ஆண்டிமடத்திலிருந்தோ மாவட்டத் தலைநகருக்கு நாள்தோறும் பேருந்தில் வருவதும் சுமையே. வராத தாயை அக்கறையற்றவர் எனக் கருதுவது இப்பொருளியல் உண்மையை மறைப்பதாகும். பாட்டியோ அத்தையோ வருவதை ஏற்றல், களைவெட்டும் அறுவடையும் மிகும் நாட்களை அறிந்து கூட்டங்களை அமைத்தல், வாரம் ஒருநாள் வீடு தேடிச் செல்லுதல் ஆகியன ஆசிரியர் கொள்ளத்தக்க மாற்றுகள்.

வீட்டுப் பணியே பாடமாகலாம். சின்ன வெங்காயம் உரிக்கும்போது தோல், காம்பு, கண் எரிச்சல், பெரியது, சிறியது என்பனவும், முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது எண்ணிக்கையும் இயல்பாகப் பேச்சில் வரும். வேலையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துமாறு பெற்றோரைக் கேட்பதினும், வேலையின்போது குழந்தையின் முகம் நோக்கிப் பேசுமாறு கேட்பது நடைமுறைக்கு உகந்தது.

முடிவுரை

செவித்திறன் குறையுடைய இளஞ்சிறார் வகுப்பின் தொடக்கத்தை அரிச்சுவடியால் அளவிடல் ஆகாது. முதல் மாத இறுதியில் ஒவ்வொரு குழந்தையின் கருவியும் நாள் முழுவதும் இயங்குகிறதா, குழந்தை தன் தேவையை ஒருவருக்கேனும் உணர்த்துகிறதா, வீட்டில் ஒருவரேனும் அதனுடன் முகம் நோக்கிப் பேசத் தொடங்கியுள்ளாரா என்னும் மூன்று வினாக்களே அளவுகோலாகத் தக்கன. தமிழின் விகுதிகள், உதட்டில் தோன்றா ஒலிகள், இரட்டை வழக்கு ஆகியன செவித்திறன் குறையுடைய குழந்தையின் மொழிப்பேற்றைப் பாதிக்கும் முறை பற்றித் தமிழ் மொழியியலும் சிறப்புக் கல்வியும் இணைந்து ஆராய வேண்டியுள்ளது. ஆறு வயதில் தொடங்கும் சட்ட உரிமை கண்டறிந்த நாளிலிருந்தே தொடங்குமாறு விரிவாக்கப்படின், பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் குழந்தைகள் முதல் வகுப்பில் ஒரு மொழியுடன் நுழைவர்.